இன்ட் என்ற மூன்றெழுத்து

24 துகள்களைத் திரையில் நகர்த்தும் ஒரு சிறு மடக்குதான், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதிதான், என்னை இதை எழுத வைத்தது. ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு அச்சுகளில் ஓர் இடமும் ஒரு வேகமும் உண்டு, எல்லாமே 16 பிட் எண்கள். சட்டகத்துக்கு ஒருமுறை வேகத்தை இடத்தோடு கூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1980களின் வீட்டுக் கணினியான காமடோர் 64க்காக இதை முதலில் அசெம்பிளியில், அதாவது செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் மொழியில், எழுதியிருந்தேன். பிறகு ஒரு நண்பருடன் ஏற்பட்ட வாக்குவாதத்தின் பிடிவாதத்தில், அதையே சி++ மொழியில் எழுதி, நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் கொடுத்துப் பார்த்தேன். கம்பைலர் தோற்பதை அவருக்குக் காட்டுவதே என் நோக்கம். காமடோரில் இருப்பது போன்ற 6502 குடும்பச் செயலிகளுக்கு அசெம்பிளியைத் தவிர எதுவும் ஒத்துவராது என்பதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கருத்து முழுவதும் தவறாகிவிடவில்லை. ஆனால் அதற்கு நான் சொல்லிவந்த காரணம் தவறு என்பது அன்று தெரிந்தது. தவறான காரணத்தோடு சரியான முடிவை வைத்திருப்பது, விடை பொருந்திவிட்டது என்பதற்காகக் கணக்கின் வழியைச் சரிபார்க்காமல் விடுவதைப் போன்றது. அதுதான் இவ்வளவு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் காரணம் இதுதான்: செயலி சிறியது, மொழி பெரியது. 1975இல் வெளிவந்த 6502இல் கணக்குப் போட ஏ என்ற ஒரே ரெஜிஸ்டர்தான் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடம்) உண்டு, எக்ஸ், ஒய் இரண்டும் சுட்டிக்காட்டுவதற்கு, மூன்றுமே 8 பிட். பெருக்கல் கட்டளை கிடையாது. திரும்பும் முகவரிகளையும் தற்காலிக மதிப்புகளையும் அடுக்கி வைக்கும் ஸ்டாக் என்பது நினைவகத்தின் இரண்டாம் பக்கத்தில் கட்டிப்போடப்பட்ட 256 பைட் மட்டுமே. இத்தகைய இடத்தில் வகைக்கேற்ப நிரலை வார்த்துத் தரும் டெம்ப்ளேட், அணியின் உறுப்புகளை வரிசையாகச் சுட்டும் இட்டரேட்டர், வகை அனுமானம் என்று ஆயிரம் வசதிகளைச் சுமந்துகொண்டு வரும் ஒரு மொழி எப்படிக் காலூன்ற முடியும்? மொழி பழையதாகவும் எளியதாகவும் இருக்க இருக்கச் செயலிக்கு நெருக்கமாக இருக்கும், புதியதாக ஆக ஆக விலகிப்போகும் என்று ஒரு நேர்கோட்டை மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டில் அசெம்பிளிக்கு அடுத்த இடம் சி மொழிக்கு. சி++, ரஸ்ட் போன்ற பிற்கால மொழிகள் அதற்கும் வெகு தொலைவில்.

நான் கையால் எழுதிய மடக்கின் செலவு எனக்கு மனப்பாடம். ஓர் அச்சின் 16 பிட் கூட்டலுக்கு 28 கடிகாரச் சுழற்சிகள், இரண்டு அச்சுகளுக்கு 56, எண்ணிக்கையைக் குறைத்து மடக்கின் தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு 5. ஆக ஒரு துகளுக்கு 61. துகளை நகர்த்தும் பகுதியை ஒரு துணைநிரலாகப் பிரித்து வைத்திருந்தேன், ஏனெனில் தோட்டாவை நகர்த்தும் இடத்திலிருந்தும் அதையே அழைத்தேன். அழைக்க 6, திரும்ப 6 என்று ஒவ்வொரு துகளுக்கும் 12 கூடி, 73 ஆனது. 24 துகள்களுக்கு 1752. ஐரோப்பாவில் பரவியிருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கான காமடோரில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 19,656 சுழற்சிகள், அதிலும் திரையை வரையும் சில்லு 25 வரிகளில் நாற்பது நாற்பதாகத் தனக்கு எடுத்துக்கொள்ளும். எனவே 1752 என்பது விளையாட்டாக விட்டுவிடக்கூடிய தொகை அல்ல. ஆனாலும் அது நல்ல நிரல் என்றே நினைத்திருந்தேன்.

சி++இல் எழுதிய முதல் வடிவம் எதிர்பார்த்தபடியே தோற்றது. பல மடங்கு மெதுவாக ஓடியது. எனக்கு மகிழ்ச்சி. நண்பருக்கு அனுப்புவதற்காகக் கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளிப் பட்டியலைத் திறந்து, எந்த நவீன வசதி இந்த வேகத்தைத் தின்றது என்று சுட்டிக்காட்டத் தேடினேன். டெம்ப்ளேட்டின் சுவடு எங்கும் இல்லை. இட்டரேட்டரின் சுவடும் இல்லை. அவை கம்பைல் ஆகும்போதே கரைந்துபோயிருந்தன. சுழற்சிகளைத் தின்றவை இரண்டே இரண்டு பொருள்கள். ஒன்று, மடக்கின் எண்ணியாக நான் பழக்கதோஷத்தில் எழுதிய இன்ட் என்ற முழு எண் வகை. மற்றொன்று, துகளின் எல்லாத் தகவல்களையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்துக் கட்டிய 12 பைட் ஸ்ட்ரக்ட். இரண்டுமே சி மொழியின் பிறப்பிலிருந்தே இருப்பவை. நான் செயலிக்கு நெருக்கமானவை என்று நம்பிய அந்தப் பழைய, எளிய பொருள்கள்.

பிடிபி-11இன் நிழல்

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியின் கையில் உருவானபோது அது குடியிருந்த இயந்திரம் பிடிபி-11 என்ற கணினி. அது 16 பிட் இயந்திரம். எட்டு ரெஜிஸ்டர்கள், அவற்றில் ஒன்று ஸ்டாக் சுட்டி, அந்தச் சுட்டியிலிருந்து இத்தனை பைட் தள்ளி இருக்கும் மாறியை எடு என்று ஒரே கட்டளையில் சொல்ல முடியும். அந்த வீட்டில் இன்ட் என்பது இயற்கையான அளவு, உள்மாறிகளை ஸ்டாக்கில் வைப்பது இயற்கையான வழக்கம். சி மொழியை எந்தச் செயலிக்கும் உரியதாக நாம் பேசுகிறோம், ஆனால் அது அந்த வீட்டின் அமைப்பைத் தன்னோடு தூக்கிக்கொண்டே எல்லா ஊர்களுக்கும் போகிறது. பிற்காலச் செயலிகள் பலவும் சி நிரல்கள் நன்றாக ஓட வேண்டும் என்று கருதியே வடிவமைக்கப்பட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. 6502 அப்படி யாரையும் கருத்தில் கொண்டு பிறந்ததல்ல.

சி மொழியின் தரம் இன்ட் குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்கிறது. அத்தோடு, இரண்டு 8 பிட் எண்களைக் கூட்டினாலும் அவற்றை முதலில் இன்ட் ஆக உயர்த்திவிட்டுத்தான் கூட்ட வேண்டும் என்கிறது. விடை மறுபடி 8 பிட் மாறிக்குள் போகிறது என்றால் மேல்பாதியைக் கணக்கிடத் தேவையில்லை என்று நல்ல கம்பைலர் கண்டுகொள்ளும். ஆனால் வகுத்தல், வலப்பக்க நகர்த்தல், ஒப்பீடு ஆகியவை நடுவில் வந்தால் அந்த மேல்பாதிக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. அதைத் தூக்கி எறிய முடியாது. என் மடக்கில் நடந்ததோ இன்னும் எளிமையானது. எண்ணி 16 பிட், ஸ்ட்ரக்ட் 12 பைட், மொத்த அணி 288 பைட். எக்ஸ் ரெஜிஸ்டரின் கை எட்டுவது 256 பைட் வரைதான். எனவே ஒவ்வொரு துகளின் முகவரியையும் 16 பிட்டில் கணக்கிட்டு, அதைச் சுட்டியாக வைத்து, மறைமுகமாக எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அசெம்பிளியில் எழுதுபவர் யாரும் இப்படி அடுக்க மாட்டார். எல்லாத் துகள்களின் கிடை இடத்தின் கீழ் பைட்டுகள் ஓர் அணி, மேல் பைட்டுகள் இன்னோர் அணி என்று தகவலைச் செங்குத்தாகக் கிழித்து வைப்பார். அப்போது எக்ஸில் துகளின் எண் இருந்தால் போதும், எந்தப் பெருக்கலும் வேண்டாம். கம்பைலர் இதைத் தானாகச் செய்யாதது அதன் அறியாமையால் அல்ல. ஒரு ஸ்ட்ரக்டின் பைட்டுகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் என்று சி மொழி வாக்குக் கொடுத்திருக்கிறது, அந்த வாக்கை மீறக் கம்பைலருக்கு உரிமை இல்லை.

டெம்ப்ளேட் செய்த வேலை

இங்கேதான் என் நேர்கோடு முறிந்தது. எண்ணியை 8 பிட் ஆக்கினேன். பிறகு ஒரு சிறு டெம்ப்ளேட் வகுப்பு எழுதினேன். வெளியிலிருந்து பார்த்தால் அது துகள்களின் சாதாரண அணியைப் போலத்தான் தெரியும், எட்டாவது துகளின் கிடை இடம் என்று இயல்பாகக் கேட்கலாம். உள்ளேயோ அது கீழ் பைட்டுகளையும் மேல் பைட்டுகளையும் தனித்தனி அணிகளில் வைத்திருக்கும். நான் 'நவீனச் சுமை' என்று கேலி செய்த அதே வசதி, சி மொழியில் நேராகச் சொல்ல வழியில்லாத ஒரு பழைய 6502 தந்திரத்தைச் சொல்வதற்கு இடம் கொடுத்தது. பட்டியலைத் திறந்தபோது என் கையெழுத்தையே பார்ப்பது போலிருந்தது: கேரியை (கூட்டலில் வழியும் பிட்டை) அழி, கீழ் பைட்டை ஏற்று, கூட்டு, சேமி, மேல் பைட்டை ஏற்று, கூட்டு, சேமி. அதே ஏழு கட்டளைகள், அதே வரிசை.

ஆனால் முழுதும் அதேயல்ல. துகளை நகர்த்தும் செயற்கூறை இரண்டு இடங்களிலிருந்து அழைத்திருந்தேன் அல்லவா, கம்பைலர் அதை இரண்டு இடங்களிலும் விரித்து எழுதியிருந்தது. 12 சுழற்சிகள் போயின. 24 துகள்களுக்கு 288. என்னாலும் அதைச் செய்திருக்க முடியும் என்று உடனே மனம் வாதாடியது. செய்திருக்க முடியும்தான். ஆனால் ஒரே வரிகளை இரண்டு இடங்களில் எழுதி, ஒன்றைத் திருத்தும்போது மற்றதையும் மறக்காமல் திருத்துகிற துன்பத்தை வேண்டாமென்றுதான் துணைநிரலாகப் பிரித்தேன். கம்பைலருக்கு அந்தத் துன்பம் இல்லை. அது என்னைவிடச் சாமர்த்தியமாக எதையும் செய்துவிடவில்லை, என்னைவிடச் சலிப்பில்லாமல் செய்தது. அன்று இரவு நண்பருக்கு எதையும் அனுப்பவில்லை.

கம்பைலர் எனக்கு ஆச்சரியம் தந்த இன்னோர் இடம் உள்மாறிகள். 6502க்கான பழைய சி கம்பைலர்களின் வழக்கம், சிசி65 உட்பட, ஜீரோ பேஜில், அதாவது நினைவகத்தின் முதல் 256 பைட்டுக்குள், ஒரு சுட்டியை வைத்துக்கொண்டு மென்பொருளாலேயே ஒரு ஸ்டாக்கை நடத்துவது. அந்த ஸ்டாக்கிலுள்ள ஒரு பைட்டைப் படிக்க, ஒய்யில் தூரத்தை ஏற்ற 2, சுட்டி வழியாகப் படிக்க 5 என்று 7 சுழற்சிகள் ஆகும். அதே பைட் ஜீரோ பேஜிலேயே இருந்தால் 3 போதும். எல்எல்விஎம்-மாஸ் என்ற இப்போதைய கம்பைலர் வேறு வழியில் போகிறது. முழு நிரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, எந்தச் செயற்கூறு எதை அழைக்கிறது என்ற வரைபடத்தைப் போட்டு, தன்னைத்தானே மறுபடி அழைக்க வாய்ப்பில்லாத செயற்கூறுகளுக்கு ஸ்டாக்கே இல்லாமல் செய்துவிடுகிறது. அவற்றின் மாறிகளுக்கு நிலையான முகவரிகள் கிடைக்கின்றன. ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியாத இரண்டு செயற்கூறுகள் அதே பைட்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலியும் வந்தது. எந்தத் துணைநிரல் ஜீரோ பேஜின் எந்த பைட்டைப் பயன்படுத்துகிறது, யார் யாரோடு பகிரலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அட்டவணை போட்டு வைத்திருந்தவன் நான். ஒருமுறை அதில் தவறு நேர்ந்தது. இரண்டு துணைநிரல்கள் இரண்டு பைட்டுகளைப் பகிர்ந்துகொண்டன. அவற்றில் ஒன்றை நாளடைவில் குறுக்கீட்டுப் பகுதியிலிருந்தும், அதாவது ஓடும் நிரலை இடையில் நிறுத்திவிட்டு ஓடும் பகுதியிலிருந்தும், அழைக்கத் தொடங்கினேன், அட்டவணையைத் திருத்த மறந்துவிட்டேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையில் ஓர் உருவம் காரணமில்லாமல் துள்ளும். அதைக் கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. கம்பைலர் போடுவதும் அதே அட்டவணைதான். அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறது, ஒரு செயற்கூறு குறுக்கீட்டுக்கு உரியது என்று குறித்துவிட்டால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பைலர் தனக்கு ரெஜிஸ்டர்கள் போதவில்லை என்பதால் ஜீரோ பேஜில் சில பைட்டுகளைக் கற்பனை ரெஜிஸ்டர்களாக வைத்துக்கொள்கிறது: இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 பிட் அகலத்தில் 16 ரெஜிஸ்டர்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் எங்கோ பார்த்த நினைவு. ஆப்பிள் 2 கணினியின் ரோமில், அதாவது அழியாத நினைவகத்தில், அதை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் ஏறக்குறைய 300 பைட்டில் ஸ்வீட்16 என்ற ஒரு கற்பனைச் செயலியை எழுதி வைத்திருந்தார். அதற்கும் ஜீரோ பேஜில் 16 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 16 பிட். 1977ஆம் ஆண்டின் யோசனை அது. 16 பிட் வேலை 6502இல் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது என்ற அதே எரிச்சலிலிருந்து பிறந்தது. ஸ்வீட்16 ஒவ்வொரு கட்டளையையும் ஓடும்போதே படித்துப் புரிந்துகொண்டு நடத்தியதால் நேரடி நிரலைவிடப் பத்து மடங்கு அளவுக்கு மெதுவாக ஓடியது. இடம் மிச்சமானது, நேரம் போயிற்று. இப்போதைய கம்பைலர் அந்தப் புரிந்துகொள்ளும் வேலையை முழுவதும் நம் மேசைக் கணினிக்கு மாற்றிவிட்டது. 2016இல் சி++ நிரலாளர்களின் சிபிபிகான் மாநாட்டில் ஜேசன் டர்னர், சி++17இல் எழுதிய ஒரு சிறு விளையாட்டை மேசைக் கணினிச் செயலிகளின் எக்ஸ்86 அசெம்பிளியாகக் கம்பைல் செய்து, அதை வரிக்கு வரி 6502க்கு மாற்றிக் காமடோரில் ஓட்டிக் காட்டியபோதும் அடிப்படை இதுதான். அந்த உரையை வேடிக்கையாக எண்ணி அப்போது கடந்துபோய்விட்டேன்.

விலை கேட்கும் இடங்கள்

புதிய வசதிகள் எல்லாமே இலவசம் என்று சொல்லிவிட்டால் நான் ஒரு தவறிலிருந்து இன்னொரு தவறுக்குத் தாவியவனாவேன். அந்த அழைப்பு வரைபடம் தெளிவாக இருக்கும் வரைதான் மேலே சொன்ன மந்திரம் பலிக்கும். ஒரு செயற்கூறின் முகவரியை மாறியில் வைத்து அதன் வழியாக அழைத்தால், எது எதை அழைக்கிறது என்பது கம்பைலருக்குத் தெரியாமல் போகிறது. தெரியாத இடத்தில் அது பாதுகாப்பான பக்கம் சாய்ந்து, தற்சுழற்சி (தன்னைத்தானே மறுபடி அழைத்தல்) இருக்கலாம் என்று கொண்டு, மாறிகளை மறுபடி மென்பொருள் ஸ்டாக்குக்கு அனுப்பிவிடும். எதை அழைப்பது என்பதை ஓடும்போது முடிவு செய்யும் சி++இன் விர்ச்சுவல் செயற்கூறுகளும், ரஸ்ட்டின் டின் வகைகளும் உள்ளுக்குள் இதேதான். எதிரிகளின் நடத்தையை நான் ஒரு செயற்கூறு முகவரி அட்டவணையில் வைத்திருந்தேன். அதை, மதிப்புக்கேற்பக் கிளைக்கும் ஒரு நீண்ட ஸ்விட்ச் ஆக மாற்றி எழுதியதும் நிரல் சுருங்கியது, வேகமும் கூடியது. பார்க்க அசிங்கமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரஸ்ட்டில் 8 பிட் எண்ணைக் கூட்டினால் அது 8 பிட்டாகவே இருக்கும், இன்ட் ஆக உயர்த்தும் சடங்கு கிடையாது. 6502க்கு இது பெரிய வரம். ஆனால் அணியைச் சுட்டும் எண் மட்டும் முகவரியின் அளவுள்ள யூசைஸ் வகையாக இருந்தே ஆக வேண்டும், அது இங்கே 16 பிட். மேல் பைட் எப்போதும் பூச்சியம்தான் என்று கம்பைலர் நிரூபித்துக்கொண்டால் எக்ஸ் போதும். நிரூபிக்க முடியாவிட்டால் பழைய கதை. எல்லைச் சரிபார்ப்பு ஒவ்வொன்றும் ஓர் ஒப்பீடும் ஒரு கிளையும், சாதாரணமாக 4 சுழற்சிகள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிழை நேர்ந்தால் அழகாகச் செய்தி அச்சிடும் வடிவமைப்பு நிரல் உள்ளே வந்துவிட்டால்தான் ஆபத்து, அதன் பருமன் 64 கிலோபைட் இயந்திரத்துக்கு உரியதல்ல. என் பிழைக் கையாளி திரையின் ஓர நிறத்தைச் சிவப்பாக்கிவிட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதே காலத்து மற்றோர் 8 பிட் செயலியான இசட்80 பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அதில் ரெஜிஸ்டர்கள் தாராளம், ஐஎக்ஸ் ரெஜிஸ்டரிலிருந்து இத்தனை பைட் தள்ளி என்று சொல்லும் வசதியும் உண்டு, பார்த்தவுடன் சி மொழிக்காகவே செய்தது போலிருக்கும். ஆனால் அப்படி ஒரு பைட்டைப் படிக்க 19 டி-நிலைகள் (அந்தச் செயலியின் கடிகாரச் சுழற்சிகள்) ஆகும், எச்எல் ரெஜிஸ்டர் வழியாகப் படித்தால் 7தான். அங்கேயும் ஸ்டாக்கிலுள்ள மாறிகளுக்கான விலையை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாவது பிட்

கடைசியாக ஒரு சிறிய செயற்கூறு. இரண்டு 8 பிட் எண்களின் சராசரி. 200, 100 என்று வைத்துக்கொள்வோம். சி மொழி இரண்டையும் இன்ட் ஆக்கிக் கூட்டி 300 என்று பெற்று, பாதியாக்கி 150 என்று சரியாகச் சொல்லும். ஆனால் 16 பிட் வேலை. ரஸ்ட்டில், வழிதலைச் சோதிக்காத வெளியீட்டு வடிவில் அதையே அப்படியே எழுதினால் கூட்டல் வழிந்து 44 ஆகி, விடை 22 என்று வரும். 6502இல் இதற்கு நான்கு கட்டளைகள் போதும்: கேரியை அழி, ஒன்றை ஏற்று, மற்றதைக் கூட்டு, பிறகு வலப்பக்கம் சுழற்று. கூட்டலில் வழிந்தது கேரியில் நிற்கும், சுழற்றும்போது அது எட்டாவது பிட்டாக மேலிருந்து உள்ளே வரும், விடை 150. மொத்தம் 10 சுழற்சிகள். செயலியில் ஒரு ஒன்பதாவது பிட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. சி மொழியில் அதற்குப் பெயரே கிடையாது. ரஸ்ட்டில் கூட்டலின் விடையையும் அது வழிந்ததா என்ற செய்தியையும் இணையாகத் திருப்பித் தரும் செயற்கூறு உண்டு, அதை வைத்துச் சுற்றி வளைத்தாவது சொல்லிவிடலாம். அங்கும் புதிய மொழிக்குத்தான் இந்தப் பழைய செயலியோடு பேச்சு வார்த்தை எளிதாக இருக்கிறது.

நண்பருக்குப் பல நாள் கழித்து இரண்டு பட்டியல்களையும் அனுப்பினேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. கம்பைலர் ஓரிடத்தில் ஒரு பைட்டை ஜீரோ பேஜில் சேமித்துவிட்டு அடுத்த வரியிலேயே அதைத் திரும்பப் படிக்கிறது, 3 சுழற்சிகள் வீண் என்று மட்டும் எழுதியிருந்தார். அது என் கண்ணிலும் முதலிலேயே பட்டிருந்தது. விளையாட்டின் நிரல் இப்போது ஏறக்குறைய முழுவதும் சி++இல் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்து அட்டவணைக்கு வேலை இல்லை. சராசரி மட்டும் இன்னும் அசெம்பிளியில், தனிக் கோப்பில், நான்கு கட்டளைகளும் ஒரு திரும்பும் கட்டளையுமாக இருக்கிறது.